ஒன்பது இலக்கம் சொல்பவரின் சார்பில்

பெறுநர்: ஜோஹோ அசிஸ்ட் பிரிவு, ஜோஹோ நிறுவனம், எஸ்டான்சியா வளாகம், வல்லாஞ்சேரி, கூடுவாஞ்சேரி.



உங்கள் வளாகத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே இறங்கி, சிங்கப்பெருமாள் கோயிலில் மேற்கே திரும்பினால் ஒரகடம். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் போய் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்து, இருங்காட்டுக்கோட்டை தாண்டிப் பூந்தமல்லிக்கு முன்னால் நின்றால் எங்கள் செம்பரம்பாக்கம். வழியெல்லாம் ஹூண்டாய், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர் என்று பெரிய பெயர்ப் பலகைகள். அவற்றுக்குப் பின்னால் பலகையே இல்லாத தகரக் கூரை ஷெட்டுகள் இருக்கின்றன. ஆறு மிஷின், இருபது ஆள், ஒரு கம்ப்யூட்டர். பெரிய கம்பெனிக்குப் போகும் பிராக்கெட்டும் புஷ்ஷும் வயரிங் கிளிப்பும் அங்கேதான் பிறக்கின்றன. இந்த மடல் அந்த ஒற்றைக் கம்ப்யூட்டரைப் பற்றியது.

தூரத்தில் இருந்துகொண்டு இன்னொருவர் கம்ப்யூட்டரைப் பார்த்து இயக்குகிற மென்பொருள் செய்கிறவர்கள் நீங்கள். இந்தத் துறையில் உலக அளவில் பேசப்படும் பெயர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனது உங்களுடையது. அதனால்தான் டீம்வியூவரும் எனிடெஸ்க்கும் இருக்கும் ஜெர்மனிக்கு எழுதாமல் கூடுவாஞ்சேரிக்கு எழுதுகிறேன். இந்த வகை மென்பொருளின் எடை குறைந்த பதிப்புகளில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புதிது புதிதாக வசதிகள் சேர்ந்துகொண்டே போகின்றன. சேர்க்கலாமா, கூடாதா என்ற கேள்வி உங்கள் மேசையிலும் இருக்கும். அதற்கு ஷெட் பக்கத்திலிருந்து ஒரு பதில் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஓர் இரவு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதில் வருவது உங்கள் மென்பொருள் இல்லை. எவருடையது என்பதும் இங்கே முக்கியமில்லை.

சென்ற மழைக்காலம். வேறு வேலையாக ஒரு ஷெட்டுக்குப் போயிருந்தேன். அசெம்பிளி மேசையில் போல்ட்டை முறுக்கியதும் எவ்வளவு டார்க், அதாவது முறுக்கு விசை, என்று கம்ப்யூட்டர் பதிவு செய்யும். சரியாக இருந்தால் லேபிள் அடிக்கும். லேபிள் இல்லாத பீஸை வாங்குகிற கம்பெனி கேட்டுக்குள்ளேயே விடாது. ஒன்பதரை மணிக்கு லேபிள் நின்றுவிட்டது. வெளியே டாடா ஏஸ் ஒன்று ஏற்றிக்கொண்டு போகக் காத்திருக்கிறது. சர்வீஸ் இன்ஜினியர் இருப்பது கோயம்புத்தூரில். சூப்பர்வைசர் போன் போட்டார். "ரிமோட்ல வர்றேன், ஐடி சொல்லுங்கண்ணே" என்றது மறுமுனை.

ஐடி எங்கே வந்தது? மென்பொருளைத் திறந்ததும் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்றது. அதைப் போடாமல் உள்ளே விடவில்லை. தகரக் கூரைக்குள் நெட் சிக்னல் கிடையாது. சூப்பர்வைசர் தன் போனை ஹாட்ஸ்பாட்டில் போட்டு வாசல் வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வந்தார். இறக்கிக்கொண்டே இருந்தது. இறங்கியதும் கணக்குத் திறக்கச் சொன்னது. அதைத் தள்ளிவிட்டால், புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று ஒரு சுற்றுலா. வெள்ளைப் பலகை, குழுக் கூட்டம், ஏதோ உதவியாளர். மிஷினில் நிற்கும் தம்பி ஒடிசாக்காரர். ஆங்கிலமும் படிக்க வராது, தமிழும் படிக்க வராது. ஒவ்வொரு பெட்டியாக "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று தட்டிக்கொண்டு போனார். அவர் எதற்கெல்லாம் சம்மதம் கொடுத்தார் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைசியில் ஒன்பது இலக்கம் வந்தது. கம்ப்ரசர் சத்தத்தில் வேறொரு போனில் கத்திச் சொன்னார்கள். "ஏழு... ஏழு இல்லண்ணே, ஒண்ணு."

கோயம்புத்தூர்க்காரர் உள்ளே வந்து பழுதைக் கண்டுபிடிக்க ஆறு நிமிடம் ஆனது. பகல் ஷிப்டில் யாரோ கூட்டிப் பெருக்கும்போது யுஎஸ்பி ஒயரைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் சொருகியிருக்கிறார்கள். மூன்றாம் காம் போர்ட் ஐந்தாம் காம் போர்ட் ஆகிவிட்டது. அதை மாற்றினார், லேபிள் அடித்தது. ஆறு நிமிட வேலைக்கு முன்னால் போன நேரம் முக்கால் மணி.

சலிப்பாக இருந்தாலும் இது சின்னக் கதைதான். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. இந்த மென்பொருளுக்கு இரண்டு முனை உண்டு. ஒரு முனையில் ஏசி அறையில் உட்கார்ந்து உள்ளே வருகிறவர். இன்னொரு முனையில் எண்ணைச் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்கிறவர். லைசென்ஸ் வாங்குவது முதல் ஆள். உங்களுக்கு மெயில் போட்டு "இது வேண்டும், அது வேண்டும்" என்று கேட்பதும் அவர்தான். இரண்டாவது ஆள் உங்களுக்கு மெயில் போட்டதே இல்லை. அவர் உங்கள் வாடிக்கையாளரும் இல்லை, வாடிக்கையாளரின் வாடிக்கையாளர். ஆனால் சேர்க்கிற ஒவ்வொரு வசதியும் போய் உட்காருவது அவருடைய கம்ப்யூட்டரில்தான். அந்தக் கம்ப்யூட்டரோ, 2020 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் கைகழுவிய விண்டோஸ் 7இல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். மாற்றினால் டார்க் மென்பொருள் ஓடாது என்ற பயம்.

ஆகவே ஒரு வசதியைச் சேர்க்கலாமா என்று கேட்கும்போது எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணாதீர்கள். எண்ணைச் சொல்கிறவருக்கு இதனால் என்ன என்று கேளுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

இந்தத் தொழிலின் ஆரம்ப காலத்தில், எண்ணைச் சொல்கிறவரைச் சிரமப்படுத்தாத எளிமை தானாகவே இருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி ஆராய்ச்சிக்கூடத்தில் தொண்ணூறுகளில் விஎன்சி என்ற தொலை இயக்க மென்பொருள் உருவானது. அதன் உள்ளே இருந்த யோசனையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: திரையில் எந்தச் சதுரம் மாறியதோ அந்தச் சதுரத்தை மட்டும் எடுத்து, இன்ன இடத்தில் வை என்று அனுப்பு. விண்டோஸில் பார்ப்பதற்கான நிரல் சுமார் 150 கேபி, ஃபிளாப்பியிலிருந்தே ஓட்டலாம். இன்றைக்கும் ஷெட்டுக்கு இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. 1920க்கு 1080 புள்ளி உள்ள ஒரு திரையைச் சுருக்காமல் முழுதாக அனுப்பினால் சுமார் 62 லட்சம் பைட். ஆனால் மிஷின் திரையில் மாறுவது என்ன? ஒரு அலாரம் வரி, ஒரு எண்ணிக்கை, ஒரு பச்சை விளக்கு. அந்தச் சின்னச் சதுரத்தை அனுப்ப வேப்பமரத்தடி ஹாட்ஸ்பாட் தாராளம். நொடிக்கு 60 படம் ஓடுகிற வழுவழுப்பு, கேம் விளையாடுகிறவருக்கு வேண்டியது.

விஎன்சிக்கும் அப்புறம் "இதையும் சேர்" என்று கேட்டவர்கள் வந்தார்கள். மூல நிரல் திறந்து கிடந்ததால், கேட்டவர்களே எடுத்துக்கொண்டு போய்த் தனித்தனியாகச் செய்துகொண்டார்கள். மெதுவான லைனுக்கு டைட்விஎன்சி. கோப்பு அனுப்பவும் அரட்டையடிக்கவும் அல்ட்ராவிஎன்சி. வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொண்டார். வேண்டாதவர் தலையில் அது வந்து விழவில்லை. உங்களுக்கும் இதுதான் வழி என்று நினைக்கிறேன். முழுப் பதிப்பில் எதை வேண்டுமானாலும் வையுங்கள். எண்ணைச் சொல்கிறவர் கம்ப்யூட்டரில் இறங்குகிற அந்தச் சின்ன நிரலை மட்டும் சின்னதாகவே விடுங்கள்.

இலகுவானது என்றால் பத்திரமானது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். 2006இல் ரியல்விஎன்சி 4.1.1இல் ஒரு ஓட்டை தெரியவந்தது. எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்பதை வருகிறவரே தேர்ந்தெடுக்கலாம்; "பாஸ்வேர்டே வேண்டாம்" என்று அவர் சொல்லிவிட்டால், சரி என்று கதவைத் திறந்துவிட்டது. வீடு சின்னதுதான், தாழ்ப்பாள்தான் இல்லை. ஆகவே தாழ்ப்பாளை வசதிக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் நிறுவனமே இதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறது. 2025 செப்டம்பரில் ஊரே உங்கள் ‘அரட்டை’ செயலியில் வந்து குவிந்தது. பழைய போனிலும் மெதுவான நெட்டிலும் ஓடுகிறது என்று பாராட்டிய அதே வாய்கள்தான், எழுதும் செய்திக்கு முனைக்கு முனை மறையாக்கம் எங்கே என்று கேட்டன. அலங்காரம் கேட்கவில்லை, பூட்டு கேட்டார்கள். அந்த வகைக் கேள்விக்கு ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

எண்ணைச் சொல்கிறவருக்கு இதனால் என்ன என்ற என் உரைகல்லை முதலில் ஒரு வசதியில் உரசிப் பார்க்கிறேன். இந்த வகை மென்பொருள்கள் பலவற்றில், உள்ளே வந்தவர் ஒரு பட்டனைத் தட்டினால் இந்த முனைத் திரை கறுப்பாகிவிடும். ரகசிய வேலை செய்யும்போது பக்கத்தில் போகிறவர் பார்க்கக்கூடாது என்பதற்காகவாம். கேட்டது யார்? தூரத்து ஆள். தாங்குவது யார்? திரைக்கு முன்னால் நிற்கிறவர். அவர் கம்ப்யூட்டரில் என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரியாது. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் செயலியின் பெயர் சொல்லி வங்கிகளை எச்சரித்தது நினைவிருக்கும். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று போன் வரும், செயலியை இறக்கச் சொல்வார்கள், ஒன்பது இலக்கத்தைக் கேட்பார்கள், அப்புறம் யுபிஐயில் பணம் போய்விடும். அங்கே செயலியை யாரும் உடைக்கவில்லை. செயலி செய்ய வேண்டியதைத்தான் செய்தது. ஏமாந்தது எண்ணைச் சொன்னவர். அப்படிப்பட்ட இடத்தில் திரையைக் கறுப்பாக்குவது யாருக்குக் கை கொடுக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இலகு பதிப்பில் இது வேண்டவே வேண்டாம்.

ஆள் இல்லாதபோதும் உள்ளே நுழைகிற வசதிக்கும் இதே பதில். ஐநூறு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஐடி பிரிவுக்கு அது உயிர்நாடி, மறுக்கவில்லை. ஷெட்டில் அது மறந்துபோன சாவி. இன்ஜினியர் வேலையை விட்டுப் போன பிறகும் அவர் லேப்டாப்பில் அந்தக் கம்ப்யூட்டர் பெயர் பச்சையாக மின்னிக்கொண்டிருக்கும். சாவிகளைச் சேர்த்து வைத்திருக்கும் இடமும் அசைக்க முடியாதது இல்லை. 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனமே தன் சொந்த சர்வர்களுக்குள் ஆள் புகுந்ததாக அறிவித்து, சான்றிதழ்களை ரத்து செய்து, இணைய வாசலின் பாஸ்வேர்டுகளை எல்லாம் செல்லாததாக்கியது.

கோப்பு அனுப்புவதில்தான் எனக்கே சிக்கல். என் முதல் எண்ணம், வேண்டாம் என்பது. ஒரு சர்வீஸ் இன்ஜினியர் என்னை மடக்கினார். "சார், மிஷினை இயக்கும் பிஎல்சி புரோகிராமை பேக்கப் எடுக்காமல் கை வைக்க மாட்டேன். கோப்பு அனுப்ப வழி கொடுக்கவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் கேட்பேன், அல்லது பென்டிரைவில் எடுத்து வா என்பேன். எது நல்லது?" நியாயம்தான். பென்டிரைவ் வழியாக மிஷின்களுக்குள் என்ன போகும் என்பதை 2010இல் ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் உலகத்துக்கே காட்டியது. ஷெட்டில் கிடக்கும் பென்டிரைவில் பாட்டும் படமும் கல்யாணப் பத்திரிகையும் வைரஸும் சமமாக இருக்கும். ஆகவே இந்த வசதி வரட்டும். ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் இந்த முனையில் கேள்வி வரட்டும்: இன்ன பெயர், இவ்வளவு பெரிது, உள்ளே வருகிறதா வெளியே போகிறதா, விடலாமா? வெளியே எடுப்பதும் உள்ளே போடுவதும் ஒரே அனுமதியாக இருக்கக்கூடாது. கிளிப்போர்டு வழியாகப் பின்வாசல் வேறு இருக்கக்கூடாது.

அந்தக் கேள்வி தமிழில் வந்தால் மட்டும் போதாது. இந்தப் பக்கம் மிஷின் முன்னால் நிற்கிற பிள்ளைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தால் தெரியும். தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் நான்கே வாக்கியம். யார் வந்திருக்கிறார், பார்க்கிறாரா இயக்குகிறாரா, கோப்பு கேட்கிறாரா, எப்படி நிறுத்துவது. உங்கள் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு வேலை இல்லையென்றால் இதைக் கொடுங்கள்.

இனி, சேர்த்தே ஆக வேண்டிய ஒன்று: யார் வந்து போனார் என்ற குறிப்பேடு. செம்பரம்பாக்கம் என்றால் மற்றவர்களுக்கு ஏரி, 2015 டிசம்பர், வெள்ளம். எங்களுக்கு அந்தக் கரையோரம் இருக்கும் சுத்திகரிப்பு நிலையமும் உண்டு. நாளொன்றுக்கு 530 மில்லியன் லிட்டர் குடிநீருக்காகக் கட்டியது. தண்ணீருக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மர் கதையை நான் மறப்பதே இல்லை. ஃபுளோரிடாவில் சின்ன ஊர். 2021 பிப்ரவரி 5 அன்று, அங்கே குடிநீர் நிலையத்தில் உட்கார்ந்திருந்தவர் கண் முன்னாலேயே மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது என்றார்கள். சோடியம் ஹைட்ராக்சைடின் அளவு 100 பிபிஎம்மிலிருந்து 11,100க்கு ஏறியது. அவர் உடனே பழைய அளவுக்கு இறக்கிவிட்டார். தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை. டீம்வியூவர் வழியாக யாரோ நுழைந்துவிட்டார் என்று உலகமெங்கும் செய்தி. 2023இல் அந்த நகரின் முன்னாள் மேலாளரே, வெளியாள் யாரும் வரவில்லை, ஊழியரின் கைத்தவறுதான் என்கிற மாதிரி பேசினார்.

எது உண்மையோ. என்னை உறுத்துவது, அது யார் கை என்பதில் இரண்டு வருடம் கழித்தும் இரண்டு பேச்சு இருந்தது. யார், எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று நாலு வரி எழுதிவைக்கும் குறிப்பேடு எவ்வளவு எடை இருக்கும்? நம் நாட்டு இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவில், இப்படிப்பட்ட பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்றிருக்கிறது. ஷெட் முதலாளி அந்த உத்தரவைப் படித்திருக்க மாட்டார். உங்கள் சின்ன நிரல் அவருக்காகப் படித்திருக்கலாம். குறிப்பேடு இந்த முனையிலும் இருக்க வேண்டும். கணக்கெல்லாம் தூரத்து ஆளிடம் மட்டும் இருந்தால் எப்படி? திருட்டுப் போனால் திருடனிடமே ரசீது கேட்பது போல.

இன்னொன்று, இதற்கும் மேல். ரோபோ பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 10218 தரத்தில் ஒரு விதி உண்டு. ஒருவர் டீச் பெண்டன்ட் என்ற இயக்கு கருவியைக் கையில் எடுத்து ரோபோவைத் தன் வசம் வைத்திருக்கும்போது, வேறெங்கிருந்தும் அதை இயக்க முடியக்கூடாது. பக்கத்தில் நிற்பவர் உடம்புதான் நசுங்கும் என்பதால் அதிகாரம் பக்கத்தில் நிற்பவருக்கு. ஒரகடத்தில் ரோபோ லைனில் வேலை பார்த்த எந்தப் பையனும் இதை விளக்குவான். தூரத்திலிருந்து இயக்கும் உங்கள் மென்பொருளுக்கும் இதைக் கொண்டுவாருங்கள். இந்த முனையில் இருப்பவர் மவுஸைத் தொட்டாலே, கீபோர்டில் ஒரு விரல் பட்டாலே, தூரத்து ஆளின் கை விலக வேண்டும். மறுபடி இவர் விட்டால்தான் அவர் தொடரலாம். தூரத்து ஆளுக்கு இது எரிச்சலாக இருக்கும், புகார் வரும். வரட்டும். மிஷின் கதவைத் திறந்து உள்ளே கைவிட்டிருக்கும் பையனின் கை கோயம்புத்தூரில் இருப்பவருக்குத் தெரியாது.

உரையாடல் பெட்டி வேண்டாம், கையில் போன் இருக்கிறது. கூட்டம் நடத்தும் வசதி வேண்டாம், கூட்டம் போட ஷெட்டில் நாற்காலி கிடையாது. புதிய பதிப்பு வரட்டும், ஆனால் பழுதான இரவில் வாசலை மறிக்காமல், வேலை முடிந்த பிறகு கேட்கட்டும். பூட்டைச் சரிசெய்கிற திருத்தம் என்றால் அதை மட்டும் சின்னதாக அனுப்புங்கள்.

போட்டியாளர் இருபது வசதி காட்டும்போது நாங்கள் ஐந்தைக் காட்டி எப்படி விற்பது என்று உங்கள் விற்பனைப் பிரிவு கேட்கும். நியாயமான கேள்விதான். இந்தச் சாலையில் ஒரு ஷெட்டில் ஒரு மென்பொருள் நன்றாக வேலை செய்தால், அடுத்த ஷெட்டுக்கு அது டீக்கடையில் வைத்தே போய்விடுகிறது. அதற்கு வசதிப் பட்டியல் தேவைப்படவில்லை. "அதுல தொல்லை இல்லப்பா" என்ற ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது.

இந்த மடலுக்குப் பதில் எழுத வேண்டாம். உங்கள் நிரலை எழுதுகிற பிள்ளைகளில் இரண்டு பேரை ஓர் இரவு ஷிப்டுக்கு அனுப்பிவையுங்கள். லேப்டாப் வேண்டாம், போன் போதும். பத்து மணிக்கு மேல் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். குனிந்து உள்ளே வரலாம். சிக்னல் வேப்பமரத்தடியில் கிடைக்கும்.

இப்படிக்கு,
இந்த மடலை எழுதுபவன்,
செம்பரம்பாக்கம்.